ஆற்றைக் காத்த செலவு

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917ஆம் ஆண்டு இந்நாட்டின் முதல் வாணிபச் செம்பனை நடப்பட்டதை நம்மவர் பலர் அறிவர். அப்பயிர் பெருகிய பின், ஆலைக் கழிவு ஆறுகளில் விழுந்து, நீரிலுள்ள பிராணவாயுவை உண்டு, மீன்களை மாய்த்தது.

இதனைத் தடுக்கச் சர்க்கார் 1978 ஜூலையில் ஒரு விதியை அமலாக்கினர். கழிவு உண்ணும் பிராணவாயுவை அளந்து, வரம்புக்குட்பட்ட டன்னுக்கு 10 வெள்ளியும் மிஞ்சிய டன்னுக்கு 100 வெள்ளியும் கட்டணமாக விதித்தனர். லிட்டருக்கு 5,000 மில்லிகிராமாயிருந்த வரம்பு, 1984க்குள் 100க்கு இறங்கிற்று. முதலாண்டில் சுத்திகரிப்பதா, கட்டணம் செலுத்துவதா என்பது ஆலையின் விருப்பம்; பின்னரே வரம்பு கட்டாயமாயிற்று. இம்முறையைப் பொருளியலார் சிக்கனமென்பர். மலிவாகச் சுத்திகரிக்க வல்ல ஆலை அதிகம் சுத்திகரிக்கும். மொத்தச் செலவு குறையும். எண்ணெய் உற்பத்தி வளர்ந்தும் ஆற்றில் விழும் மாசு வெகுவாகக் குறைந்தது.

சிக்கனம் வேறு, நீதி வேறு. லாபமடைந்தோர் நஷ்டமடைந்தோரை ஈடுசெய்ய இயலுமாயின் திட்டம் தகுமென்று 1939இல் கால்டரும் ஹிக்ஸும் எழுதினர். இயலுமாயின் போதும், ஈடு கொடுத்தே ஆகவேண்டுமென்பதில்லை! கணக்கெழுதும் கிராணியாகிய எனக்கு இது விளங்கவில்லை. எண்ணெய் விலையை உலகச் சந்தை நிர்ணயிப்பதால், ஆலை தன் செலவை வாங்குவோர்மீது ஏற்றவியலாது. குலையின் விலையைத் தாழ்த்திச் சிறுதோட்டக்காரர்மீது இறக்கவே முற்படும். எனினும் பழைய ஏற்பாட்டை நீதியென்பார் யார்? 1978க்கு முன் அச்செலவைச் சுமந்தவர் ஆற்றில் வலை வீசியவரே. அவர் இழந்த மீன் எந்த ஆலையின் பேரேட்டிலும் பற்றாக ஏறியதில்லை.