கரை மறைந்தால் விண்மீன்

‘நேவிகேஷன்’ என்னும் சொல்லின் வேர், கப்பலைக் குறிக்கும் ‘நாவிஸ்’ என்ற இலத்தீன் சொல். செயற்கைக்கோள் வானிலையியலில் அச்சொல் படத்தின்மேல் ஏறிக்கொண்டது. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் புவியின் எந்த அகலாங்கில், எந்த நெட்டாங்கில் விழுகிறது என்று கணிப்பதே அங்கு ‘பட நேவிகேஷன்’.

அமெரிக்காவின் கோயஸ் வரிசையில் முதல் ஏழு கோள்களும் நிமிடத்திற்கு 100 முறை பம்பரம்போல் சுழன்றன. சுழற்சியே அவற்றுக்கு நிலைப்பைத் தந்தது. ஆனால் 35,786 கி.மீ. உயரத்திலிருந்து புவி ஏறத்தாழ 17 பாகை அகலமே தெரியும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் இருபதில் ஒரு பங்கு நேரமே கருவி புவியைக் கண்டது. எஞ்சிய நேரம் வெறும் வெளியைப் பார்த்துக் கழிந்தது.

1994 ஏப்ரல் 13 அன்று ஏவப்பட்ட கோயஸ்-8 சுழலவில்லை; மூன்று அச்சுகளிலும் நிலைநிறுத்தப்பட்டு, இடைவிடாது புவியை நோக்கியது. அந்த ஆதாயத்திற்கு ஒரு விலை இருந்தது. சுழலும் உடலைக் கதிரவன் சீராகச் சுடும். சுழலாத உடலின் பக்கங்கள் ஒவ்வொரு வேளையில் சூடேறிக் கருவியின் பார்வையைச் சற்றே திருகிவிடும். ஒரு பாகையில் நூறில் ஒரு பங்கு பிசகினால், நேர்கீழே 6 கி.மீ. பிழை. அரைமணி இடைவெளியில் எடுத்த இரு படங்களை ஒப்பிட்டு மேகங்களின் நகர்விலிருந்து காற்றைக் கணிப்பவருக்கு, அப்பிழை மணிக்கு 12 கி.மீ. வேகமுள்ள பொய்க்காற்றாகத் தோன்றும்.

கரையோரங்களை அடையாளமாகக் கொள்ளலாம். ஆனால் மேகம் மூடினால் கரை தெரியாது. புயல் வேளையிலோ துல்லியம் மிகுதியாக வேண்டும். எனவே வடிவமைப்பாளர்கள் மாலுமியின் பழைய துணையை நாடினர். படமெடுப்பின் இடைவேளைகளில், கருவியின் ஆடி புவித்தட்டின் விளிம்புக்கு அப்பால் திரும்பி, இடம் அறியப்பட்ட விண்மீன் ஒன்றின் வரவுக்குக் காத்திருக்கும். புவியையே நோக்கியிருக்கக் கோள் நாளுக்கு ஒருமுறை திரும்புவதால், விண்மீன் உணரிகளின் குறுக்கே மெல்ல நகரும். கடந்த நேரம் ஓர் அச்சின் பிழையையும், எட்டு உணரிகளில் எது கண்டது என்பது மற்றோர் அச்சின் பிழையையும் சொல்லும். இவற்றைக் கொண்டு தரைநிலையம் கணித்தனுப்பும் திருத்தத்தின்படி ஆடி தன் பார்வையைச் சரிசெய்துகொள்ளும்.

இக்கதையில் இந்தியாவுக்கும் இடமுண்டு. கோயஸ்-8இன் உடலமைப்பு, ஃபோர்ட் ஏரோஸ்பேஸ் நிறுவனம் இந்தியாவுக்காகக் கட்டிய இன்சாட்-1 வரிசையின் வழிவந்தது. 1983இல் விண்ணேறிய இன்சாட்-1பி, சுழலாமலே வானிலைப் படம் எடுத்தது. ஆயினும் உடல் பழகியது. கேட்கப்பட்ட துல்லியம் புதிது. கோயஸ்-8 தாமதமானபோது, 1989 முதல் ஐந்தாண்டுகள் அமெரிக்காவிடம் இயங்கிய கோயஸ் ஒன்றே. ஐரோப்பாவின் மீட்டியோசாட்-3ஐ இரவல் பெற நேர்ந்தது.

தொழில்நுட்ப வரலாற்றை ஏவுதல்களின் பட்டியலாக எழுதும் வழக்கம் நம்மிடம் வலுவாக உள்ளது. ஒரு மேகம் எங்கே நிற்கிறது என்று சொல்வதற்குள் நிகழ்ந்த இத்தகைய உழைப்பு அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. இன்சாட்டின் வரலாற்றை இந்தக் கோணத்திலிருந்து எழுத யாரேனும் முன்வர வேண்டும்.