சங்கம் எதற்கு? – ஆசிரியர் அறையில் எழுந்த ஒரு கேள்வி



அண்மையில் எங்கள் ஆசிரியர் அறையில், பணிக்குப் புதிதாக வந்த இளம் ஆசிரியை ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, சங்கத்தில் சேர்ந்தவருக்கும் சேராதவருக்கும் ஒரே சம்பளந்தானே? பிறகு எதற்கு மாதந்தோறும் சந்தா கட்ட வேண்டும்?"

உடனிருந்தவர்கள் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர்மீது பிழையில்லை. பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் படித்த காலத்திலும் ரசாக் அறிக்கையை ஆண்டோடும் நாளோடும் மனப்பாடம் செய்தோம். ஆசிரியர்கள் 1967-இல் செய்த வேலைநிறுத்தத்தைப் பற்றி ஒரு வரி படித்ததாகக்கூட நினைவில்லை. நமக்கே சொல்லித் தரப்படாத பாடத்தை அவர் எங்கிருந்து கற்றிருப்பார்?

ஆகவே அவருக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

துரை கொடுத்த வேலை

நம் தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை தோட்டங்களில் பிறந்தவை. மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பள்ளி வந்தது; பயிற்சி பெற்ற ஆசிரியர் வரவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ ஓய்ந்த நேரத்தில் பாடம் சொல்லிக்கொடுத்த பள்ளிகள் பல.

அந்த ஆசிரியருக்கு வேலை கொடுத்தவர் தோட்டத்துத் துரை. குடியிருந்த வீடும் தோட்டத்து வீடு. துரையின் மனம் கோணினால் வேலையும் போகும், வீடும் போகும். அப்படிப்பட்டவர் பள்ளிக்குக் கரும்பலகை வேண்டும் என்று கேட்கவும் அஞ்சியிருப்பார். இதைப் பெற்றோர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆசிரியரின் பணிப் பாதுகாப்பு ஆசிரியருக்கு மட்டும் உரிய செய்தியன்று. அஞ்சி நிற்கும் ஆசிரியரால் பிள்ளைகளுக்காகப் பேச இயலாது.

ஒரே பணி, இரு நிலை

1956-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் கூட்டரசுச் சட்டமன்றம் ரசாக் அறிக்கையை ஏற்றது. அந்நாளையே நாம் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். எல்லா மொழிப் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரே ஆசிரியப் பணி, பொதுவான பணி நிபந்தனைகள் என்பது அவ்வறிக்கையின் பரிந்துரைகளுள் ஒன்று. தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் மற்ற ஆசிரியரும் ஒரே வரிசையில் நிற்க வழி பிறந்தது.

ஆனால் வழி பிறந்த அளவுக்கு நிலை மாறவில்லை. உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியரின் முதலாளி அரசன்று, பள்ளி வாரியமே. அரசு ஊழியருக்கு ஓய்வூதியம் இருந்தது. வாரியத்தின்கீழ் இருந்த ஆசிரியருக்கு ஊழியர் சேமநிதி மட்டுமே. பெண் ஆசிரியர்களின் நிலை இன்னும் மோசம். ஆண் செய்யும் அதே வேலைக்குக் குறைந்த சம்பளம். மணமான பெண்களைத் தற்காலிக ஊழியராகவே வைத்திருந்த காலமும் இருந்தது.

பெண் ஆசிரியர்கள் இதைக் கண்டு வாளாவிருக்கவில்லை. இபு ஸாயின் எனப் போற்றப்படும் ஸாயின் சுலைமான், நாட்டு விடுதலைக்கு வெகு முன்பே ஜொகூரில் மலாய்ப் பெண் ஆசிரியர்களைச் சங்கமாகத் திரட்டினார். அச்சங்கம் 1930-இல் 'புலான் மெலாயு' என்னும் இதழையும் தொடங்கியது.

1967-இல் தேசிய ஆசிரியர் சங்கத்தின் அழைப்பை ஏற்று நாடெங்கும் ஆசிரியர்கள் வகுப்பறையை விட்டு வெளியே வந்தனர். மாணவரை விட்டுவிட்டு வருவது எந்த ஆசிரியருக்கும் எளிதன்று. ஆயினும் வந்தனர். அதன்பின் அப்துல் அஜிஸ் தலைமையில் அரச ஆணையம் அமைந்தது. அதன் அறிக்கை 1971-இல் வெளிவந்தது. உதவி பெறும் பள்ளி ஆசிரியர்கள் விரும்பினால் அரசு ஊழியராகலாம் என்ற வாய்ப்பு அதன் வழியே வந்தது. ஓய்வூதியமும் அதனோடு வந்தது. அரசுப் பணியில் பெண்களுக்குச் சம ஊதியம் 1969-இல் கிடைத்தது. 1974-இல் சங்கங்கள் இணைந்து, இன்று என்.யு.டி.பி. என்று நாம் அறியும் தேசிய ஆசிரியர் தொழிற்சங்கம் உருவானது.

இன்றைய நிலை

அரசு ஊழியரின் சங்க உரிமை நம் நாட்டில் எல்லையுடையது. 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டத்தின் கூட்டு ஒப்பந்த விதிகள் அரசு ஊழியருக்குப் பொருந்தா. தனியார் துறைச் சங்கம்போல் முதலாளியோடு ஒப்பந்தம் கையெழுத்திட நம்மால் இயலாது. கூட்டு மன்றத்தில் அமர்ந்து பேசலாம், குறிப்பாணை அளிக்கலாம். அங்கே பேச்சுக்கு எடை தருவது உறுப்பினர் எண்ணிக்கைதான்.

அந்த எடைக்குச் சான்றும் உண்டு. 2012-இல் நடப்புக்கு வந்த புதிய அரசுப் பணிச் சம்பளத் திட்டம், உயர் பதவியினருக்கு மிகுதியும் கீழ்நிலையினருக்குச் சொற்பமும் தருவதாகக் கண்டனம் எழுந்தது. கியூபெக்ஸ் உள்ளிட்ட சங்கங்கள் எதிர்த்தன. அவ்வாண்டு மார்ச் மாதமே அரசு அதை மீட்டுக்கொண்டது. அதற்கு ஒரு நாள்கூட வேலைநிறுத்தம் தேவைப்படவில்லை.

சங்கத்தில் குறையே இல்லையா எனக் கேட்கலாம். உண்டு. கூட்டத்துக்கு வருவோர் சிலரே. தலைவர்கள் நெடுங்காலம் மாறாதிருப்பதும் உண்டு. தமிழ்ப்பள்ளிச் சிக்கல்கள் பட்டியலின் கடைசியில் நிற்பதாக நானே மனம் வருந்தியதுண்டு. ஆனால் வெளியே நின்று குறை சொல்வதால் பட்டியலின் வரிசை மாறாது.

இறுதியாக அந்த இளம் ஆசிரியையிடம் ஒன்று சொன்னேன். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 1 முதல் புதிதாகப் பணியில் சேர்வோருக்கு ஓய்வூதியம் இல்லை, சேமநிதிதான் என்று அரசு அறிவித்தது. நான் ஓய்வூதியம் பெறுவேன்; அவர் பெறமாட்டார். ஒரே பள்ளி, ஒரே பாடம், அடுத்தடுத்த மேசை. ஆனால் இரு நிலை. 1960-களில் நம் முன்னோர் எங்கே நின்றார்களோ, அங்கேதான் அவர் இன்று நிற்கிறார்.

"எனக்குக் கிடைத்தது, எனக்கு முன்னால் இருந்தவர்கள் கட்டிய சந்தாவில் வந்தது. உங்களுக்கு வர வேண்டியதைக் கேட்கும்போது உங்களோடு நாங்களும் நிற்க வேண்டும். அதற்குத்தானம்மா சங்கம்," என்றேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "படிவம் இருக்கிறதா ஐயா?" என்றார். கொடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாகச் சொன்னார். அதுவே சரியான முறை.

உங்கள் பள்ளியில் இதே கேள்வியை யாரேனும் கேட்டால் சிரிக்க வேண்டாம். உட்கார வைத்து இந்த வரலாற்றைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்