அவள் கேட்டிருக்க வேண்டுமாம்

இலங்கையின் மூதூரிலிருந்து 2005 மே மாதம் சவூதி அரேபியாவுக்கு வீட்டு வேலைக்குப் போன ரிஸானா நஃபீக்கின் கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1982 என்று இருந்தது. அவள் பிறந்தது 1988இல். பதினேழு வயதுப் பெண்ணை அனுப்ப முடியாது என்பதால் வயதைக் கூட்டிப் போட்டிருந்தார்கள். அங்கே போய் மூன்று வாரம்கூட ஆகவில்லை. அவள் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. பால் புரையேறி மூச்சடைத்தது என்றாள் அவள். கழுத்தை நெரித்தாள் என்றது குற்றச்சாட்டு. உடற்கூறாய்வு நடக்கவில்லை.

ரிஸானாவுக்குத் தெரிந்த மொழி தமிழ். விசாரித்தவர்களின் மொழி அரபு. இரண்டுக்கும் நடுவே நின்றவர் தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளர் அல்ல. அவருக்குத் தமிழ் எவ்வளவு தெரியும் என்பதே பின்னர் கேள்விக்குள்ளானது. அப்படிப் பதிவான வாக்குமூலத்தில் அவள் கையெழுத்திட்டாள். பிறகு மறுத்தாள். 2007 ஜூனில் மரண தண்டனை விதிக்கப்படும்வரை அவளுக்கென்று ஒரு வழக்கறிஞர் இல்லை.

வெளிநாட்டில் கைதாகிறவர்களுக்கு உரிமையே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். உண்டு. 1963இல் உருவான தூதரக உறவுகள் குறித்த வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவுதான் அது. வெளிநாட்டவரைக் கைது செய்தால், உன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லும் உரிமை உனக்கு உண்டு என்று காவலர்கள் தாமதமின்றி அவருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் கேட்டால் தூதரகத்துக்குச் சொல்லியாக வேண்டும். இது அரசுகளுக்கு இடையிலான மரியாதை மட்டுமல்ல, தனிநபரின் உரிமையும்தான் என்று 2001இல் லாகிராண்ட் வழக்கில் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த இரண்டு ஜெர்மானியச் சகோதரர்களுக்கும் 1999லேயே அமெரிக்காவின் அரிசோனா மரண தண்டனையை நிறைவேற்றிவிட்டது என்பது வேறு விஷயம்.

'அவர் கேட்டால்' என்ற இடத்தில்தான் நான் நின்றுவிடுகிறேன். ஆங்கில வாசகத்தில் அது 'அவன் கேட்டால்' என்றே இருக்கிறது. சட்டம் எழுதியவர்களின் மனதில் இருந்தது வணிகனோ மாலுமியோ பயணியோ. கேட்கத் தெரிந்த ஓர் ஆண். எசமானியின் வீட்டிலிருந்து நேரே காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட, கடவுச்சீட்டு கையில் இல்லாத, தூதரகம் என்ற சொல்லையே கேட்டிராத பெண் எதை, எந்த மொழியில், யாரிடம் கேட்பாள்?

குடும்பம் என்ற சொல்லும் அந்தப் பிரிவில் இல்லை. ஆனால் குடும்பத்துக்கு உதவக்கூடிய ஒன்று அதில் இருக்கிறது. தன் நாட்டவரைத் தொடர்புகொள்ளவும், சிறையில் சந்திக்கவும், வழக்கறிஞர் ஏற்பாடு செய்யவும் தூதரக அதிகாரிக்குத் தனியாகவே உரிமை தரப்பட்டிருக்கிறது. உள்ளே இருப்பவள் கேட்கும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை. ஊரிலிருந்து ஒரு தாய், மகளின் பெயர், கடவுச்சீட்டு எண், வேலை செய்த வீட்டுக்காரர் பெயர், ஊர், அனுப்பிய முகவர் பெயர் இவற்றை எழுதித் தேதியிட்டு வெளியுறவு அமைச்சகத்துக்கும் தூதரகத்துக்கும் அனுப்பினால் அந்த அதிகாரி நகரலாம். தூதரகம் யாரையும் விடுவித்துவிடாது, நீதிமன்றத்தில் வாதாடாது. ஆனால் புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதே, மொழிபெயர்ப்பாளரைக் கேள் என்று அவளிடம் சொல்ல ஓர் ஆள் போய்ச் சேர்வார். முதல் நாட்களில் அது போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதில்தான் பல வழக்குகளின் முடிவு இருக்கிறது.

ரிஸானாவின் மேல்முறையீட்டுக்கான செலவை இலங்கை அரசு ஏற்கவில்லை. ஹாங்காங்கிலிருந்து இயங்கும் ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு நன்கொடை திரட்டியது. பலனில்லை. இறந்த குழந்தையின் பெற்றோர் மன்னித்தால் மட்டுமே அவள் பிழைக்கலாம் என்ற நிலை வந்தது, அவர்கள் மன்னிக்கவில்லை. 2013 ஜனவரி 9 அன்று அவள் தலை வெட்டப்பட்டது. குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும்போது 18 வயது நிரம்பாதவருக்கு மரண தண்டனை கூடாது என்கிற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் சவூதியும் சேர்ந்திருந்தது. ஆனால் பொய்யான கடவுச்சீட்டு அவளை வயது வந்தவளாக்கியிருந்தது.

இதற்கு இலங்கை அரசு என்ன செய்தது? அதே ஆண்டு, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய் வெளிநாட்டு வேலைக்குப் போகக் கூடாது என்றது. மற்றவர்கள் குடும்பப் பின்னணி அறிக்கை தர வேண்டும் என்றது. அங்கே சிறையில் வழக்கறிஞர் இல்லாமல் போனதற்கு இங்கே தாயின் மீது தடை. இந்தியாவும் இதில் சளைத்ததல்ல. வளைகுடா நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக 30 வயதாக வேண்டும் என்பது நம் விதி. விதி பெண்ணை நிறுத்துவதில்லை, கடவுச்சீட்டில் வயதைத்தான் மாற்றுகிறது.

வேறு வழியிலும் போயிருக்கலாம் என்பதற்கு பிலிப்பைன்ஸ் உதாரணம். இன்னொரு பணிப்பெண்ணையும் நான்கு வயதுக் குழந்தையையும் கொன்றதாகச் சொல்லி ஃபிளோர் கொன்டெம்பிளாசியோன் என்ற வீட்டுப் பணிப்பெண்ணை, நான்கு பிள்ளைகளின் தாயை, சிங்கப்பூர் 1995 மார்ச் 17 அன்று தூக்கிலிட்டது. அவர் குற்றம் செய்தாரா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. தூதரகம் அவருக்காக என்ன செய்தது என்ற கேள்வியோடு மணிலாவில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். வெளியுறவு அமைச்சர் பதவி விலகினார். ஜூன் மாதமே புலம்பெயர் தொழிலாளர் சட்டம் வந்தது. வெளியுறவுத் துறைக்குள் தொழிலாளர்களின் வழக்குகளைப் பார்க்கவென்றே ஓர் உயர் அதிகாரியையும், 10 கோடி பெசோ சட்ட உதவி நிதியையும் அது ஏற்படுத்தியது.

அந்தச் சட்டம் இருந்தும் 2010 ஏப்ரலில் மேரி ஜேன் வெலோசோ இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா விமான நிலையத்தில் 2.6 கிலோ ஹெராயினோடு பிடிபட்டு, அதே ஆண்டு மரண தண்டனை பெற்றார். பெட்டி வேலைக்கு அழைத்துப் போனவர்கள் வாங்கிக் கொடுத்தது என்றார். நீதிமன்றத்தில் அவருக்குக் கொடுத்தது ஆங்கில மொழிபெயர்ப்பு. அவருக்கு வந்தது தகாலோக். வெளியே சொல்லக் கூடாது என்று ஆள் அனுப்பியவள் மிரட்டியதாக அவருடைய தாய் பின்னாளில் கூறினார். எந்த ஊரிலும் முகவர்கள் குடும்பத்தை அடக்கும் முறை இதுதான். வாயைத் திறந்தால் உன் மகளுக்குத்தான் கெடுதல் என்பார்கள். சில வழக்குகளில், மன்னிப்புப் பேச்சு நடக்கும்போது குறிப்பாக, அடக்கமாக இருப்பது நல்லதுதான். ஆனால் அதை வழக்கறிஞர் சொல்ல வேண்டும், முகவர் அல்ல.

2015இல் தண்டனை நாள் நெருங்கியபோது அந்தக் குடும்பம் மௌனத்தைக் கைவிட்டது. புலம்பெயர் தொழிலாளர் அமைப்புகளோடும் வழக்கறிஞர்களோடும் சேர்ந்து நின்றது. சொந்த ஊரில் முகவர் மீது வழக்கு நடந்தது. அந்தப் பெண் போலீசில் சரணடைந்த மறுநாள், ஏப்ரல் 29 அதிகாலையில், எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது மேரி ஜேன் மட்டும் வரிசையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டார். அவர் அந்த வழக்கின் சாட்சி என்பதே காரணம். 2020இல் வேறொரு வழக்கில் அந்த முகவர்களுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

2024 டிசம்பர் 18 அன்று இரண்டு அரசுகளின் ஒப்பந்தப்படி அவர் மணிலா வந்து இறங்கினார். விமான நிலையத்திலிருந்து நேராக மண்டலுயோங் பெண்கள் சிறைக்குத்தான் கொண்டுபோனார்கள். கைதானபோது சின்னப் பையன்களாக இருந்த இரண்டு மகன்களும் அங்கேதான் அம்மாவைப் பார்த்தார்கள்.