வாய் திறக்கும் நாள்

பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணி கடலை நெருங்கும் ஸ்ரீவைகுண்டத்தில், 17ஆம் நூற்றாண்டில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசவில்லை. திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்பது மரபு. பேசாத பிள்ளைக்காக நேர்ந்துகொண்டு காத்திருப்பவர்களுக்கு இக்கதை பெரிய ஆறுதல். தாமதமாகப் பேசும் பிள்ளைகள் தாமாகவே தேறுவதுண்டே என்பார்கள். உண்மைதான், ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் காரணம் ஒன்றல்ல. சிலருக்குக் காது கேளாமை காரணம்; 1890களில் பாளையங்கோட்டையில் ஃப்ளாரன்ஸ் ஸ்வைன்சன் என்பவர் தொடங்கிய பணி அத்தகைய பிள்ளைகளுக்கானது. பேச்சு அப்ராக்ஸியா வேறு: காது கேட்கிறது, சொல்லும் தெரிகிறது, 'பட்டம்' என்பதற்கு உதடு மூடி, நாக்கு மடிந்து, மறுபடி உதடு மூடும் வரிசையைத் திட்டமிடுவதில்தான் மூளை தடுமாறுகிறது. வெறுமனே ஊதப் பழக்குவது இதைச் சீராக்காது. நேர்த்திக்கடன் ஒருபுறம் இருக்கட்டும். பயிற்சியாளரின் வாயைப் பார்த்து, அவரோடு சேர்ந்து, மெதுவாக, அதே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் அசைவுப் பயிற்சியை அப்ராக்ஸியா உள்ள பிள்ளைக்கு இப்போதே தொடங்க வேண்டும்.