மறைத்துக் காயவைத்த துணி



நம் தெருவுக்குக் குப்பை வாங்க வரும் அம்மா போன மாதம் என் வீட்டு வாசலில் ஒரு கறுப்புக் கவரைப் பிரித்தார். உள்ளே காகிதம்கூடச் சுற்றாத மூன்று நாப்கின்கள். அவர் கையில் உறை இல்லை. கவர் யார் வீட்டுடையது என்பதை விடுங்கள். இந்தப் பொருள் நம் வீடுகளுக்குள் எப்படி வந்தது என்று உங்களோடு பேசத் தோன்றியது.

என் வயதுப் பெண்களுக்கு நினைவிருக்கும். பாட்டியின் பழைய நூல் சேலையைக் கிழித்து மடித்துக் கொடுப்பார்கள். 'வீட்டுக்குத் தூரம்' என்று கொல்லையில் உட்காரவைத்த நாட்கள். துவைத்த துணியை வெயிலில் போட முடியாது. கொடியில் பாவாடைக்கு அடியில் ஒளித்துத்தான் காயவைக்க வேண்டும். ஈரம் போகாத துணியைத் திரும்பக் கட்டினால் அரிப்பும் புண்ணும் வரத்தானே செய்யும்? ஒளித்து வைத்தது நாம், பழி விழுந்தது துணி மேல்.

கடை நாப்கின் மேல்நாட்டில் முதல் உலகப் போருக்குப் பின் பரவியது. போரில் காயத்துக்குக் கட்டிய மரக்கூழ்ப் பஞ்சைக் கொண்டு அமெரிக்காவில் 'கோடெக்ஸ்' என்று விற்றார்கள். நம் பக்கம் சாதாரண வீடுகளுக்கு அது வர நெடுங்காலம் ஆயிற்று. நாப்கின் வாங்க வசதியில்லாமல் மனைவி துணி வைத்துக்கொள்வதைப் பார்த்துத்தான் கோவை முருகானந்தம் மலிவு விலை இயந்திரம் செய்யக் கிளம்பினார். 2016-ல் பத்மஸ்ரீ பெற்றார். 2012-ல் தமிழக அரசின் 'புதுயுகம்' திட்டம் கிராமத்து வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் கொடுத்தது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்! அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனாலும் வங்கியில் கணக்கு எழுதிப் பழகிய கை சும்மா இருக்கவில்லை. மாதம் 10 என்றால் ஆண்டுக்கு 120. முப்பத்தைந்து ஆண்டுக்கு 4,200, ஒரே பெண்ணுக்கு. பெரும்பாலானவற்றில் அடித்தாள் பிளாஸ்டிக். மக்காது, எரித்தால் நச்சுப்புகை. 2016-ம் ஆண்டு திடக்கழிவு விதிகள் இவற்றைப் பத்திரமாகச் சுற்றித்தான் போடவேண்டும் என்றன. சுற்றுவதற்கான உறையைத் தயாரிப்பாளர் தரவேண்டும் என்றும் அவற்றில் இருந்தது. நம் தெருவில் எத்தனை பேர் சுற்றுகிறோம்?

மாற்று புதிதல்ல. மாதவிடாய் கப்புக்கு அமெரிக்க நடிகை லியோனா சால்மர்ஸ் 1937-லேயே காப்புரிமை வாங்கினார். ரப்பரில் செய்தது, இரண்டாம் உலகப் போரில் ரப்பர் தட்டுப்பாட்டால் நின்றுபோனது. இப்போது சிலிக்கோனில் வருகிறது. கேரளத்தில் 2018 வெள்ளத்தின்போது நிவாரண முகாம்களில் நாப்கின்களை எங்கே போடுவது என்று திண்டாடினார்கள். அடுத்த ஆண்டே ஆலப்புழையில் பெண்களுக்குக் கப் வழங்கினார்கள். 2022 ஜனவரியில் கொச்சிக்கு அருகே கும்பளங்கி, நாப்கின் இல்லாத ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. கப்பைக் கொடுத்ததோடு நிற்காமல் பயிற்சியும் கொடுத்தார்கள். கப் வேண்டாம் என்பவர்களுக்குத் துவைத்துப் பயன்படுத்தும் துணி நாப்கின் இருக்கிறது. ஆரோவில்லில் 'ஈகோ ஃபெம்' பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. என் மருமகள் அதற்கு மாறி ஒரு வருடம் ஆகிறது. குளிர்ந்த நீரில் அலசி, சோப்புப் போட்டு, மொட்டைமாடியில் நல்ல வெயிலில்தான் காயப்போடுகிறாள். முதல் மாதம் எனக்கே கூச்சமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முகம் சுளிப்பவர்கள் இருப்பீர்கள். 1991-ல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தோடு நம் மாவட்டத்துப் பெண்கள் சைக்கிள் பழகியபோதும் ஊர் கேலி பேசியது. கூட்டமாகச் சேர்ந்து பழகினார்கள், கேலி அடங்கிவிட்டது.

அடுத்த பொதுக்குழு முடிந்ததும் பெண்களுக்கென்று அரை மணி நேரம் கேட்டிருக்கிறேன். கப்பும் துணி நாப்கினும் கொண்டுவருகிறேன், எடுத்துப் பார்க்கலாம். கருத்தடை வளையம் வைத்திருப்பவர்கள் மட்டும் கப் வாங்கும் முன் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை தயவுசெய்து செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தனியாகக் கொடுங்கள். அந்த அம்மாவிடம் குறியைப் பற்றிச் சொல்லிவைத்திருக்கிறேன்.