பெயர் பறிக்கப்பட்ட எழுத்தாளர்

1957ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நடைபெற்ற ஆஸ்கார் விருது விழாவில், ‘தி பிரேவ் ஒன்’ என்னும் படத்தின் கதைக்காக ராபர்ட் ரிச் என்பாருக்கு விருது அறிவிக்கப்பட்டது. மேடைக்கு அவர் வரவில்லை. வேறொருவரே அவர் சார்பில் பெற்றுக்கொண்டார். செய்தியாளர்கள் தேடியும் பயனில்லை. அப்பெயரில் ஓர் எழுத்தாளர் இருந்தாலன்றோ அகப்படுவார்?

அக்கதையை எழுதியவர் டால்டன் டிரம்போ. 1905இல் கொலராடோ மாநிலத்தில் பிறந்தவர். தந்தையார் மறைந்தபின் குடும்பத்தைத் தாங்கும்பொருட்டு, லாஸ் ஏஞ்சல்ஸ் நகர ரொட்டித் தொழிற்சாலையொன்றில் ஏறத்தாழ எட்டாண்டுகள் இரவு வேலை பார்த்தார். அவ்வுழைப்பிற்கிடையே எழுதப் பழகியவர், 1940களில் ஹாலிவுட்டில் மிக உயர்ந்த ஊதியம் பெறும் திரைக்கதை ஆசிரியர்களுள் ஒருவரானார்.

1947 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவொன்று, திரையுலகில் பொதுவுடைமையர் ஊடுருவியுள்ளனரா என ஆராயத் தொடங்கியது. டிரம்போ 1943 முதல் அக்கட்சியில் உறுப்பினராயிருந்தது உண்மையே. எனினும் அவர் தண்டிக்கப்பட்டது அதற்காகவன்று. ஒருவனுடைய அரசியல் கொள்கையைக் கேட்க அரசுக்கு உரிமையில்லை என்று விடை கூற மறுத்தமைக்காகவே. மாணவர் இவ்வேறுபாட்டைக் கருத்தூன்றி நோக்குதல் வேண்டும். அவ்வாறு மறுத்த பதின்மரும் நாடாளுமன்றத்தை அவமதித்தோராகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். 1950இல் டிரம்போ கென்டக்கி மாநிலச் சிறையொன்றில் அடைக்கப்பட்டுப் பத்துத் திங்கள் கழித்தார். விசாரணைக் குழுவின் தலைவரோ, அலுவலகச் சம்பளக் கணக்கில் பொய் புனைந்து பணம் பெற்றமைக்காகச் சிறை புகுந்தார். அவர் இருந்த அதே சிறைக்குப் பதின்மருள் இருவர் வந்து சேர்ந்தது காலத்தின் வேடிக்கை!

சிறை மீண்டவருக்கு எழுதத் தடையில்லை. பெயர் போடத்தான் தடை. பட நிறுவனங்கள் கறுப்புப் பட்டியலில் இருந்தோரை வெளிப்படையாக ஏற்க மறுத்தன. மலிவாகக் கிடைக்குமெனில் மறைவாக வாங்கிக்கொள்ளச் சிலர் கூசவில்லை. முன்னைய ஊதியத்தில் சிறு பங்கிற்கு, பல பெயர்களில் டிரம்போ எழுதிக் குவித்தார். ‘ரோமன் ஹாலிடே’ படத்தின் கதை, நண்பர் இயான் மெக்லெலன் ஹன்டர் பெயரில் வெளிவந்து, 1953ஆம் ஆண்டுக்கான ஆஸ்கார் விருதையும் அவர் பெயருக்கே ஈட்டித் தந்தது. பெயரை இரவல் தந்த அந்நண்பரும் பின்னர்க் கறுப்புப் பட்டியலுக்குத் தப்பவில்லை.

பொய்மை நெடுநாள் நிற்கவில்லை. ராபர்ட் ரிச் தாமே என 1959இல் டிரம்போ வெளிப்படுத்தினார். 1960இல் ‘எக்சோடஸ்’ இயக்குநர் ஆட்டோ பிரெமிங்கரும், ‘ஸ்பார்ட்டகஸ்’ நாயகரான கிர்க் டக்ளசும் தத்தம் படங்களில் அவர் பெயரையே பொறித்தனர். அடிமைகளின் கிளர்ச்சியைக் கூறும் படத்தில் அப்பெயர் மீண்டும் திரையேறியது பொருத்தமே.

‘தி பிரேவ் ஒன்’ படத்திற்கான ஆஸ்கார் சிலை 1975இல் அவர் கைக்கு வந்தது. மறு ஆண்டு செப்டம்பரில் அவர் மறைந்தார். ‘ரோமன் ஹாலிடே’ விருதை 1993இல் துணைவியார் கிளியோ பெற்றார். அப்படத்தின் திரைக்கதையில் அவர் பெயரைச் சேர்க்க எழுத்தாளர் சங்கம் இசைந்தது 2011இல். அப்போது டிரம்போ மறைந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.