மரத்தளத்தின் தாங்கு சட்டகம்

அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டின் பின்சுவரை ஒட்டி, தூண்கள் மேல் நிற்கும் திறந்த மரத்தளத்தை ‘டெக்’ என்பார்கள். வெளியே தெரிவது மேற்பலகைகளும் கைப்பிடியும்தான். அவற்றைச் சுமப்பது அடியில் இருக்கும் சட்டகம். பலகைகளைச் சட்டங்களும், சட்டங்களை உத்தரமும், உத்தரத்தைத் தூண்களும், தூண்களைக் கான்கிரீட் அஸ்திவாரமும் தாங்குகின்றன. வீட்டோடு சேரும் பக்கத்தில் மட்டும் உத்தரத்துக்குப் பதிலாகச் சுவரில் பொருத்திய ‘லெட்ஜர்’ பலகை இருக்கும். அமெரிக்க மாநிலங்கள் பலவும் பின்பற்றும் சர்வதேசக் குடியிருப்பு விதித்தொகுப்பின் 507-ஆம் பிரிவு இவற்றின் அளவுகளை வகுத்துத் தருகிறது.

சுமைக் கணக்கு

ஆட்களுக்கும் மேசை நாற்காலிகளுக்குமாகச் சதுர அடிக்கு 40 பவுண்டு, மரத்தின் சொந்த எடைக்கு 10 பவுண்டு என மொத்தம் 50 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 23 கிலோ, கணக்கில் எடுத்துக்கொள்வது வழக்கம். பனி அதிகம் பெய்யும் ஊர்களில் இது கூடும்.

16 அடி நீளம், 12 அடி அகலம் உள்ள ஒரு தளத்தை எடுத்துக்கொள்ளலாம். உத்தரம் வெளி விளிம்பில் இருந்தால் பாதிச் சுமை வீட்டுச் சுவருக்கும் மறுபாதி உத்தரத்துக்கும் போகும். உத்தரத்தின் பங்கு 4,800 பவுண்டு. மூன்று தூண்கள் நட்டு, நடுத்தூணின் தலையில் இரண்டு உத்தரத் துண்டுகள் சந்திப்பதாக வைத்தால், நடுத்தூணுக்கு 2,400 பவுண்டு, ஓரத்தூண்களுக்குத் தலா 1,200 பவுண்டு. மூன்றால் வகுத்துத் தூணுக்கு 1,600 என்று போட்டால் நடு அஸ்திவாரம் அமிழக்கூடும்.

மண் பரிசோதனை செய்யாத இடத்தில் களிமண் சதுர அடிக்கு 1,500 பவுண்டு தாங்கும் என விதித்தொகுப்பு கொள்கிறது. அதன்படி நடுத்தூணுக்கு 1.6 சதுர அடிப் பரப்பு தேவை. வட்டமாக வார்த்தால் விட்டம் 17 அங்குலத்துக்குச் சற்று மேல் வரும். ஓரத்தூண்களுக்கு 12 அங்குலத்தை ஒட்டி வரும்.

ஆழத்தைத் தீர்மானிப்பது குளிர். மண்ணிலுள்ள ஈரம் உறைந்து விரியும்போது, ஆழம் போதாத கான்கிரீட்டை மேலே தூக்கிவிடும். அதனால் சிகாகோவில் 42 அங்குலமும், மினசோட்டா மாநிலத்தின் வடபகுதியில் 60 அங்குலமும் தோண்டுகிறார்கள்.

சட்டங்களும் உத்தரமும்

சட்டங்களை வழக்கமாக 16 அங்குல இடைவெளியில் அடுக்குவார்கள். பலகைகளைச் சாய்வாகப் பதித்தால் 12 அங்குலம். கடையில் ‘இரண்டுக்கு எட்டு’ என்று விற்கும் மரம் இழைத்த பிறகு ஒன்றரை அங்குலத் தடிமனும் ஏழேகால் அங்குல உயரமும்தான் இருக்கும். சதர்ன் பைன் மரத்தில் இந்த அளவுச் சட்டம் 16 அங்குல இடைவெளியில் 11 அடி 10 அங்குலம் வரை தாண்டலாம்; ‘இரண்டுக்குப் பத்து’ என்றால் 14 அடி.

மேலே சொன்ன தளத்தில் சிறிய சட்டத்தையே வைத்துக்கொள்ள விரும்புபவர் உத்தரத்தை இரண்டு அடி உள்ளே தள்ளலாம். தாண்டும் நீளத்தில் கால் பங்கு வரை சட்டம் உத்தரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க விதி இடம் தருகிறது. ஆனால் அப்போது உத்தரத்தின் பங்கு பாதியிலிருந்து 60 சதவீதமாக ஏறும். நடுத்தூணின் சுமை 2,880 பவுண்டாகி, அஸ்திவார விட்டமும் 19 அங்குலத்தைத் தொடும். ஒரு சட்டத்தின் அளவைத் தொட்டால் குழியின் அளவு வரை மாறுகிறது என்பதால்தான் வரைபடம் முடியுமுன் மண்வெட்டி எடுப்பதில்லை. உத்தரம் தூணின் தலையில் நேராக உட்கார வேண்டும். பக்கவாட்டில் வைத்து போல்ட் முடுக்கினால் மொத்தச் சுமையும் அந்த போல்ட்டுகள் மீதே விழும்.

வீட்டோடு சேரும் இடம்

தளங்கள் பெரும்பாலும் பெயர்ந்து விழுவது லெட்ஜர் பலகை சுவரைச் சந்திக்கும் இடத்தில். வெறும் ஆணி காலப்போக்கில் பிடுங்கிக்கொள்ளும். அதனால் வெளிச்சுவர்ப் பூச்சுப் பலகைகளை அகற்றி, வீட்டின் விளிம்புச் சட்டத்தில் அரை அங்குல போல்ட்டுகளை மேலும் கீழுமாக மாற்றி மாற்றி முடுக்குகிறார்கள். மழைநீர் பின்னால் இறங்காதிருக்க மேலே தகட்டுப் பட்டை மடித்து வைக்கப்படுகிறது. தளம் வீட்டை விட்டு விலகாமல் இழுத்துப் பிடிக்க, தலா 1,500 பவுண்டு தாங்கும் இரும்புப் பிடிகள் இரண்டு, அல்லது தலா 750 பவுண்டு தாங்குபவை நான்கு வேண்டும். அலங்காரச் செங்கல் முகப்பு இந்தப் பாரத்தைத் தாங்காது. அத்தகைய வீடுகளில் சுவரருகே இன்னொரு தூண்வரிசை நட்டு, தளத்தைத் தனியாகவே நிறுத்துவார்கள்.

மரமும் ஈரமும்

செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த சிசிஏ என்ற மரக்காப்பு மருந்தை 1933-இல் உருவாக்கியவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த சொண்டி காமேசம். ஆர்சனிக் அச்சத்தால் அமெரிக்காவில் 2003 இறுதியோடு வீட்டுப் பயன்பாட்டிலிருந்து அது விலக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த மருந்துகளில் செம்பு அதிகம். அது சாதாரண இரும்பை அரித்துவிடும். எனவே ஆணி, போல்ட், தாங்கித் தகடு எல்லாம் உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்ததாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்க வேண்டும்.

தாங்கும் மரம் தவறினால் உயிர்களே போகும். 2003 ஜூன் 29 அன்று சிகாகோவில் அடுக்குமாடி வீடொன்றின் பின்புற மரத்தாழ்வாரம் சரிந்து 13 பேர் இறந்தனர். 2015 ஜூன் 16 அன்று கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு மாடிமுகப்பு முறிந்து ஆறு மாணவர்கள் உயிரிழந்தனர். அதன் மரச்சட்டங்கள் ஈரத்தில் உளுத்துப்போயிருந்தன. இதையடுத்து 2018-இல் கலிஃபோர்னியா இயற்றிய சட்டம், மூன்றும் அதற்கு மேலும் வீடுகள் கொண்ட வாடகைக் கட்டடங்களில் மரத்தால் தாங்கப்படும் மாடிமுகப்புகளையும் தளங்களையும் ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதிக்கக் கட்டாயப்படுத்துகிறது.